செவலைக்கு நான் போட்ட ஊசி

எனக்கு மூக்கு மேல கோவம் வரும். ஆபீஸ்லயும் சரி, வீட்டுலயும் சரி, எதிர்ல யார் நிக்கறாங்கன்னு பாக்காம வெடுக்குன்னு பேசிடுவேன். அப்புறம் உக்காந்து வருத்தப்படுவேன், அது வேற விஷயம். ஆனா நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஒரு ஆளை மட்டும் ரொம்ப நாளைக்கு நான் கேக்கவே இல்ல. அந்த ஆள் நான்தான்.

மாட்டாஸ்பத்திரியில ரத்தம் பாக்கறது என் வேலை. மாட்டுகிட்ட இருந்து டாக்டர் எடுத்துக் குடுக்கற ரத்தத்துல ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டுல தேச்சு, சாயம் ஊத்தி, மைக்ராஸ்கோப்புல வெச்சு, வெள்ளணுக்களை வகை வகையா எண்ணி எழுதித் தரணும். எந்த வகை ஜாஸ்தி, எது கம்மின்னு பாத்தா, மாட்டு உடம்புக்குள்ள என்ன சண்டை நடக்குதுன்னு ஓரளவு சொல்லிடலாம். ஊசி போட, மருந்து எழுத எனக்கு அனுமதி கிடையாது. ஆனா அந்தக் காம்பவுண்டுக்குள்ள வெள்ளைக் கோட்டு போட்டுக்கினு யார் நடந்தாலும் ஜனங்களுக்கு டாக்டர்தான்.

எங்க வீட்டுக்குப் பால் ஊத்தற அக்காவும் அப்படித்தான். ஊரு ஐயம்பேட்டை. அவங்க வீட்டுக்காரர் தறியில உக்காந்து உக்காந்து இடுப்பு போய், இப்ப வேலைக்குப் போறதில்ல. கறவைன்னு ஒரே ஒரு மாடு, செவலை. அந்த மாடு கறந்தாத்தான் அந்த வீட்டுல அடுப்பு எரியும். மொத நாள் பால் ஊத்த வந்தப்ப என் கோட்டு கொடியில காயறதைப் பாத்துட்டு, "டாக்டரம்மா வூடா இது"ன்னு கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. ஆமான்னும் சொல்லல. சிரிச்சேன். ஏழு வருசம் அந்தச் சிரிப்பிலயே ஓட்டிட்டேன். கேக்க நல்லா இருந்துச்சு, உண்மையைச் சொல்லணும்னா.

சின்ன காஞ்சிபுரத்துல வாடகை வீட்டுலயே பாதி வயசு போச்சு. அப்புறம் ஐயம்பேட்டை போற ரோட்டுல ஒரு மனை வாங்கி, இழுத்துப் புடிச்சு ஒரு வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சதும் என் நாத்தனார், "மாட்டாஸ்பத்திரியில வேலை பாக்கறவ வீட்டு விசேஷம், மாடு எப்படி வருதுன்னு பாக்கத்தான் நான் வரப்போறேன்"னு எல்லார் எதிர்லயும் கிண்டல் பண்ணாங்க. அவங்க வீட்டு விசேஷத்துக்கு வந்த மாடு உள்ள நுழையவே மாட்டேன்னு படியில அடம் புடிச்ச கதையை நான் ஊர் பூராச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். அதுக்கு இது பதில்.

எங்க பக்கம் புது வீட்டுக்குள்ள மனுசங்களுக்கு முன்னாடி மாடும் கன்னும்தான் நுழையணும். மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, மாலை போட்டு, முதுகுல புதுத்துணி போத்தி ஹால்ல நிக்க வெச்சுப் பூசை பண்ணுவாங்க. அங்கியே கோமியம் விட்டுச்சுன்னா ஆகா ஓகோன்னு சந்தோஷப்படுவாங்க. சீக்கு மாடு மட்டும் ஆகாது. முகூர்த்த நாள்ல கன்னோட மாடு கெடைக்கறது, கல்யாண மண்டபம் கெடைக்கறதைவிடக் கஷ்டம். எனக்கு அந்தக் கவலையே இல்ல. செவலை அப்பத்தான் கன்னு போட்டிருந்துச்சு, பொட்டைக் கன்னு. அக்காவும், "உன் வூட்டுக்கு இல்லாம வேற யார் வூட்டுக்கு ஓட்டிக்கினு வரப்போறேன்"னு சொல்லிட்டாங்க.

விசேஷத்துக்கு மொத நாள் சாயங்காலம் அக்காகிட்ட இருந்து போன் வந்துச்சு. ஹால்ல வாழைமரம் கட்டிக்கினு இருந்தாங்க, ஒரே கூச்சல், நான் வாசலுக்கு வந்து பேசினேன்.

"டாக்டரம்மா, செவலை மத்தியானத்துல இருந்து தீனி எடுக்கல. காது கொதிக்குது. பின்னால ஒரு காம்பு கல்லு மாதிரி இருக்குது, தொட்டா உதைக்குது. நீ வேற மாடு பாத்துக்கம்மா, ஆசை காட்டி மோசம் பண்ற மாதிரி ஆயிடுச்சு."

அவங்களே சொல்லிட்டாங்க, வேற மாடு பாத்துக்கன்னு. அந்த வார்த்தையை அப்படியே புடிச்சுக்கினு, சரிக்கா, டாக்டருக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். வீட்டுக்குள்ள இருந்து நாத்தனார் சிரிப்பு கேட்டுச்சு. எதுக்கோ சிரிச்சாங்க. "நான் வந்து பாக்கறேன்க்கா"ன்னு சொல்லிட்டேன். ஸ்கூட்டியை எடுத்தேன்.

மாடு தலையைத் தொங்கப் போட்டுக்கினு நின்னுச்சு. மடியில கை வெச்சேன், சூடு. ரெண்டு இழுப்பு இழுத்தேன், திரி திரியா மஞ்சளா வந்துச்சு. மடிநோய், சந்தேகமே இல்ல. டாக்டருக்குப் போன் போட்டா என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியும். ஆன்டிபயாடிக் போடணும், மாட்டை நகத்தக் கூடாதுன்னு சொல்லுவார். அதனாலயே நான் போன் போடல.

என் பையில ரெண்டு மருந்து இருந்துச்சு. ஆஸ்பத்திரியில மீந்த பாட்டிலை அவசரத்துக்குன்னு பையில போட்டு வெக்கற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒண்ணு மெலாக்சிகாம், வலிக்கும் காய்ச்சலுக்கும் போடறது. வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கும், ஆனா வெள்ளணுங்க வேலையில அவ்வளவா கை வெக்காது. இன்னொண்ணு டெக்ஸா. ஸ்டீராய்டு. போட்ட சில மணி நேரத்துல காய்ச்சல் போகும், மாடு தலையைத் தூக்கும், தீனி எடுக்கும். பாக்கறவங்களுக்கு மந்திரம் போட்ட மாதிரி இருக்கும்.

ஆனா அது நோயைக் கொல்லறது இல்ல. நோயோட சண்டை போடற வெள்ளணுங்களைக் கட்டிப் போடுது. வீக்கம், சூடு, வலி எல்லாமே அதுங்க சண்டை போடறதால வர்றது. சண்டையை நிறுத்திட்டா வீடு அமைதியா இருக்கும், கிருமி பாட்டுக்கு உள்ள குடித்தனம் பண்ணும். ஆன்டிபயாடிக் இல்லாம இதை மட்டும் போடவே கூடாது. இது எனக்குத் தெரியாம இல்ல. புதுசா வர்ற பசங்களுக்கு நானே சத்தம் போட்டுச் சொல்லிக் குடுக்கற பாடம் இது.

டெக்ஸாவைத்தான் எடுத்தேன். காலையில பூசை முடியட்டும், முடிஞ்ச உடனே டாக்டரைக் கூட்டிக்கினு வந்து மீதியைப் பாத்துக்கலாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கினேன். பின்தொடையில ஊசி ஏறினப்ப செவலை அசையக்கூட இல்ல. அக்கா அது நெத்தியைத் தடவிக்கினே, "நீ கை வெச்சாச்சு, இனி எனக்கு பயம் இல்ல"ன்னாங்க.

"ஊசி போட்டதை யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. டூட்டி இல்லாத நேரத்துல போட்டா எனக்குத் திட்டு விழும்"னு சொன்னேன். எவ்ளோ சுளுவா வந்துச்சு அந்தப் பொய்!

காலையில ஆறரை மணிக்கு அந்தக்கா மாட்டையும் கன்னையும் ஓட்டிக்கினு வந்தாங்க. அடேங்கப்பா, செவலை என்னமா நடந்து வந்துச்சு! காதை ஆட்டிக்கினு, ராணி மாதிரி. படியில ஒரு தயக்கம் இல்ல. நேரா உள்ள வந்து ஹால் நடுவுல நின்னுச்சு. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அகத்திக்கீரையைத் தின்னுச்சு, வாழைப்பழத்தைத் தோலோட முழுங்குச்சு. கோமியம் விட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நாத்தனார் முகத்தைப் பாத்தேன். என் வயிறு குளுந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

அப்பத்தான் கன்னு மடிக்குப் போச்சு. முட்டி முட்டி ஒரு காம்புல குடிச்சுது, அடுத்ததுல குடிச்சுது. பின்னால இருந்த அந்தக் காம்புகிட்ட போய் மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. நான் மாட்டுக்குப் பின்னால ஆரத்தித் தட்டோட நின்னுக்கினு இருந்தேன். நல்லாப் பாத்தேன். பாத்துட்டு, தட்டை இன்னொரு சுத்து சுத்தினேன்.

பூசை முடிஞ்ச உடனே டாக்டரைக் கூட்டிக்கினு வரதா நெனச்சேனே, அந்த உடனே வரவே இல்ல. பந்தி, தாம்பூலம், வந்தவங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டறது, கிச்சன் டைல்ஸ் எங்க வாங்கினோம்னு சொல்றது. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். "நல்லா தின்னுதும்மா"ன்னாங்க. அது டெக்ஸா தின்னுதுன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

மறுநாள் காலையில செவலை மறுபடியும் படுத்துடுச்சு. அக்கா எனக்குப் போன் பண்ணாங்க, நான் குளிச்சுக்கினு இருந்தேன், எடுக்கல. அவங்க ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு டாக்டரை வரவழைச்சுட்டாங்க. எங்க டாக்டர் சின்ன வயசு, பொறுமையான மனுசன். ஏற்கெனவே ஊசி ஏதாவது போட்டீங்களான்னு அக்காவைக் கேட்டிருக்கார். "ஒண்ணும் போடலைங்க சார்"னு அந்தக்கா சொல்லியிருக்காங்க. எனக்குத் திட்டு விழக் கூடாதில்ல.

அவர் ரத்தம் எடுத்துக்கினு வந்து என் மேஜை மேல வெச்சார். "உங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாடாமே மேடம், கொஞ்சம் ஜல்தியா பாத்துக் குடுங்க"ன்னார்.

தேச்சேன், சாயம் ஊத்தினேன், கண்ணை வெச்சேன். இவ்ளோ மோசமான மடிநோய் வந்த மாட்டுக்கு ரத்தத்துல வெள்ளணு கொறைஞ்சிருக்கணும். ஏன்னா நியூட்ரோஃபில்னு ஒரு வகை, அதுதான் மொத வரிசை ஆளுங்க, எல்லாம் ரத்தத்தை விட்டு எறங்கி மடிக்கு ஓடியிருக்கும். இங்க என்னடான்னா கூட்டம் கூட்டமா ரத்தத்துலயே இருக்குதுங்க. லிம்போசைட்னு இன்னொரு வகை, அதைத் தேடித் தேடித்தான் பாக்க வேண்டியிருக்குது. டெக்ஸா பண்ற வேலை இது. ரத்தக்குழாய்ச் சுவத்துல ஒட்டித்தான் நியூட்ரோஃபில் வெளிய எறங்க முடியும். அந்த ஒட்டற புடிப்பை டெக்ஸா உருவிடுது. ஐயம்பேட்டையில நிக்காம போற பஸ் மாதிரிதான். பஸ்ல தலையை எண்ணினா கூட்டம் நெறைய இருக்கும், ஸ்டாப்புல ஒரு ஆள் எறங்கியிருக்க மாட்டாங்க.

நான் எண்ணினதை எண்ணினபடியே எழுதினேன். ஒரு எண்ணைக்கூட மாத்தல. அதை நேர்மைன்னு அப்ப நெனச்சேன் பாருங்க, அதை நெனச்சாத்தான் இன்னிக்கும் பத்திக்கினு வருது.

டாக்டர் சீட்டை வாங்கிப் பாத்தார். "வெள்ளணு நல்லா ஏறியிருக்குதே. பாலை டெஸ்ட் மருந்து கலந்து தட்டுல சுத்திப் பாத்தேன், அதுவும் ரொம்பக் கெட்டியாகல. மாடு சமாளிக்குது போல. மடிக்குள்ள மருந்து ஏத்திட்டு வந்திருக்கேன், நாளைக்குப் பாப்போம்"னார். பால் கெட்டியாகாததுக்கும் அதே காரணம்தான். வெள்ளணு மடிக்குப் போயிருந்தாத்தானே பால் கெட்டியாவும்! அவர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "ஸ்டீராய்டு எதுவும் யாராவது போட்டிருப்பாங்களா மேடம்? உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே?"

"தெரியல சார்"னு சொன்னேன்.

சொல்லியிருந்தா அப்பவே திரும்பிப் போய் ரத்தத்துல ஏறற ஆன்டிபயாடிக் போட்டிருப்பார், குளுகோஸ் ஏத்தியிருப்பார், பக்கத்துலயே இருந்திருப்பார். பொழைச்சிருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு முழு நாள் கெடைச்சிருக்கும். நான் அந்த நாளைத் திருடிட்டேன். எதுக்கு? ஒரு மெமோ வரும்னு. ஆபீஸ்ல நாலு பேர் வாய்ல விழுவோம்னு.

மறுநாள் விடிஞ்சதும் பொறுக்க முடியாம டாக்டருக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டேன். "நேத்திக்கு நான் கேட்டேனே மேடம்"னார். அவ்ளோதான். அவர் என்னை நல்லாத் திட்டியிருக்கலாம்.

ரெண்டு பேரும் போனோம். மடி நீலம் பாரிச்சு, தொட்டா ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. மூணு நாள் முன்னாடி சூடா இருந்த அதே மடி. டாக்டர் என்னென்னவோ பண்ணார், பாட்டில் மேல பாட்டிலா ஏத்தினார். நான் செவலை தலையை என் மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தேன். கொம்புல நாங்க வெச்ச மஞ்சள் இன்னும் இருந்துச்சு. பதினோரு மணிக்கு மூச்சு நின்னுடுச்சு. கன்னு கட்டின இடத்துல இருந்து கத்திக்கினே இருந்துச்சு.

டாக்டர் கை கழுவப் போனார். நான் அக்காகிட்ட சொல்லிடணும்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவங்க என் கையைப் புடிச்சுக்கினாங்க.

"அழாதம்மா. புது வூட்டு மேல எத்தினி கண்ணு விழுந்துச்சோ. அந்தத் திருஷ்டியை எல்லாம் செவலை வாங்கிக்கினு போயிடுச்சு. நீ நல்லா இருப்ப."

மாடு போனவங்க அவங்க. எனக்கு ஆறுதல் சொல்றாங்க. தொறந்த வாயை மூடிக்கினேன். திருஷ்டிதான்னு அவங்க நம்பினா அவங்களுக்காவது ஒரு நிம்மதின்னு அப்ப தோணுச்சு. சும்மா பூசி மெழுகறது. நிம்மதி எனக்குத்தான்.

டாக்டர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மெமோ வந்துச்சு, பதில் எழுதினேன், சம்பளத்துல ஒரு ஏத்தம் நின்னுச்சு. அதெல்லாம் ஒரு தண்டனையா? அந்தக்கா பால் ஊத்தறதை நிறுத்திட்டு, ஒரு பட்டுக்கடையில துணி மடிக்கற வேலைக்குப் போனாங்க. நான் பாக்கெட் பாலுக்கு மாறிட்டேன். புது வீட்டு ஹால்ல அந்த இடத்தைத் தாண்டறப்ப எல்லாம் கால் ஒதுங்கித்தான் போகும்.

நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம், மாகறல் பக்கத்துல இருந்து ஒரு பொம்பளை வாசல்ல வந்து நின்னாங்க. முன்னபின்ன பாத்ததில்ல.

"டாக்டரம்மா நீங்கதான? எங்க மாட்டுக்குக் காய்ச்சல், மடி வீங்கிக்கினு இருக்குது. ஐயம்பேட்டை அக்கா என்கூட கடையில வேலை செய்றாங்க, அவங்கதான் சொன்னாங்க. நீங்க ஒரு ஊசி போடுவீங்களாமே, படுத்த மாடு ராவோட ராவா எழுந்து நிக்குமாமே. அந்த ஊசியைப் போடுங்கம்மா."

கோவம் வந்துச்சு பாருங்க எனக்கு! "எந்த மடையன் சொன்னான் உனக்கு"ன்னு கத்திட்டேன். பாவம், அந்தப் பொம்பளை வெலவெலத்துப் போச்சு. அப்புறம் மன்னிப்புக் கேட்டு, டாக்டருக்கு நானே போன் போட்டு, அவங்களை வண்டியில கூட்டிக்கினு போய் ஒப்படைச்சுட்டு, நேரா ஐயம்பேட்டைக்குப் போனேன். இனிமேலும் சொல்லலன்னா நான் கொன்னது ஒரு மாட்டோட நிக்காது.

அக்கா அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்து, கன்னுக்குத் தவிடு கரைச்சுக்கினு இருந்தாங்க. கன்னு நல்லா வளந்திருந்துச்சு, அம்மா மாதிரியே செவலை. நான் மண்ணுலயே உக்காந்தேன். ஒண்ணு விடாம சொன்னேன். ரெண்டு மருந்து இருந்ததை, எது நல்லதுன்னு தெரிஞ்சும் இன்னொண்ணை எடுத்ததை, காய்ச்சலை அடக்கிட்டு நோயை அவுத்து விட்டதை, டாக்டர் கேட்டப்ப தெரியலன்னு சொன்னதை. திருஷ்டி இல்லக்கா, நான்தான்னு சொன்னேன்.

அவங்க கை தவிட்டுத் தண்ணியிலயே இருந்துச்சு. கத்துவாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்கன்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"அன்னிக்கு உன் வூட்டுல, கன்னு அந்தக் காம்பை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சே. நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"நானும் பாத்தேன். எங்கியோ தப்புன்னு அப்பவே மனசுல பட்டுச்சு. உடனே ஓட்டிக்கினு போய் யாரையாவது காட்டலாமான்னு கூட நெனச்சேன். டாக்டரம்மாவே பக்கத்துல நிக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு சும்மா இருந்துட்டேன்."

"நான் டாக்டர் இல்லக்கா. ரத்தம் பாக்கறவ, அவ்ளோதான்"னு சொன்னேன். அவங்களைத் தெரிஞ்ச இத்தினி வருசத்துல அதுதான் மொத தடவை.

அந்தக்கா என்னைப் பாக்கல. தவிட்டுத் தண்ணிய எடுத்துக்கினு போய் கன்னுகிட்ட வெச்சாங்க.